மீட்டர் பெட்டியை மூடிய கொடி

வாங்கியது மாதவரம் ரோட்டில், நூற்றிருபது ரூபாய்.
மூன்றே மாதத்தில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் என்று
நர்சரிக்காரர் கற்பூரம் அணைக்காத குறை.
இரண்டு வருஷம் ஓடிவிட்டது.
ரங்கூன் மல்லி என்று பேர்.
எனக்குத் தெரிந்து அது
இலை மல்லி.

பெரவள்ளூரில் கீழ்வீடு என்றால்
வெயில் பத்தரைக்கு வந்து
பதினொன்றே காலுக்குக் கிளம்பிவிடும்.
எதிரே நாலு மாடி எழும்பியதிலிருந்து
அதுவும் ஒரு கைக்குட்டை அகலம்.
உடைந்த பீரோ கண்ணாடியைச் சுவரில் சாய்த்து
வெயிலைக் கொடிப்பக்கம் திருப்பப் பார்த்தேன்.
அது மீன் வண்டிக்காரர் கண்ணில் போய் அடித்தது.
அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பசிபோலும் என்று போட்டேன்:
சாணம், டீத்தூள், அரிசி களைந்த நீர்,
கடலைப்புண்ணாக்கு, பக்கெட்டில் ஒரு வாரம் ஊறி நுரைத்தது;
கடைசியில், சொல்ல வெட்கம்,
இருட்டினபின் ஒரு பிடி யூரியா.
கொடுத்ததெல்லாம் இலையாயிற்று.
உள்ளங்கை அகலம், கரும்பச்சை, எண்ணெய் தடவியதுபோல.
உண்ட மயக்கத்தில் கிடக்கிறவனுக்கு
பூக்க என்ன அவசரம்?

மாசியில் ரீடிங் எடுக்க வந்த தெய்வசிகாமணி
ஜன்னல் வழியாக அதட்டினார்.
"சார், மீட்டர் எங்கே சார்?
இலைக்குள்ள கைவிட்டா பல்லி வருது.
அடுத்த தடவை வீடு பூட்டுன்னு போட்டுட்டுப் போயிருவேன்."

அன்று சாயங்காலமே தேங்காய் அரிவாளை எடுத்தேன்.
மீட்டருக்காகத் தொடங்கியது
மீட்டரோடு நிற்கவில்லை.
இரண்டு வருஷக் கோபம் கையில் இருந்தது.
முழங்கால் உயரத்துக்குக் குச்சி மட்டும் மிச்சம்.
இரண்டு கோணி நிறைய இலை.
குப்பை வண்டிப் பெண் கேட்டாள்,
"மரமா வெட்டினீங்க?"

அப்புறம் எதுவும் போடவில்லை.
பக்கெட்டைக் கவிழ்த்து வைத்தேன்.
தண்ணீர்கூட, மோட்டார் நிரம்பி வழிகிற நாளில்
தானாகப் போனதுதான்.

மோட்டார் என்றதும் சொல்ல வேண்டும்:
மேல்வீட்டு ஷம்ஷாத்துக்கும் எனக்கும் பேச்சில்லை.
லாரித் தண்ணீர் வாங்கிய வருஷம்
மோட்டார் கரண்ட் யார் கணக்கில் என்று ஆரம்பித்தது.
அவர் ஆறு மணிக்குப் போடுவார்,
நான் ஆறு இருபதுக்கு அணைப்பேன்.
எங்கள் உறவு அந்த ஸ்விட்ச் அளவு.

குச்சி துளிர்த்ததைப் பார்த்தேன்.
செம்பு நிறத்தில், மெலிசாக, ஏதோ வேகத்தில்
மழைநீர்க் குழாயைப் பிடித்து ஏறியது.
ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.
அண்ணாந்து பார்க்கிற வழக்கம் எனக்கில்லை;
கழுத்தெலும்பு தேய்மானம்.

கத்திரி முடிகிற வாரம்.
கரண்ட் போன ராத்திரி.
ஃபேன் நின்றதும்தான் தெரிந்தது,
வாசலில் ஏதோ மணக்கிறது.
செல்போன் வெளிச்சத்தில் தேடினேன்:
தண்டு, தண்டு, காய்ந்த காம்பு, அந்தப் பல்லி.
ஒரு மொட்டுகூட இல்லை.

மணம் படியேறியது. நானும் ஏறினேன்.
பதினாறு படி; இரண்டு வருஷமாய் ஏறாத படி.

அவர் பால்கனி கிரில் முழுக்க அது.
இன்றைய வெள்ளை, நேற்றைய ரோஸ், முந்தாநாள் சிவப்பு
ஒரே கொத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு.
குழாய் முடிகிற இடத்திலிருந்து கிரில்வரை
நீலத் துணிக்கொடிக் கயிறு, மூன்று முடிச்சு.
என் முடிச்சு இல்லை.
வெயிலில் கம்பி சுடுமே என்று
தண்டு படுகிற இடத்திலெல்லாம்
துப்பட்டா கிழித்துச் சுற்றியிருந்தது.

உள்ளே காலண்டர் அட்டை விசிறுகிற சத்தம் நின்றது.
திரும்பிவிடலாமா என்று ஒரு கால் கீழ்ப்படியில்.

"அந்தப் புண்ணாக்குத் தண்ணி மட்டும்
இனிமே வேணாங்க," என்றார் இருட்டிலிருந்து.
"மேல வரைக்கும் நாத்தம்."

சரிங்க என்றேன்.